யூகான் ஆற்றில் ஐஸ் உடையும் நாள்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

கனடாவிலோ அலாஸ்காவிலோ ஓர் ஆற்றில் குளிர்கால ஐஸ் உடைந்து ஓடுவதை நேரில் பார்க்க ஆசை. எங்கே போகலாம், எத்தனை நாள் கையில் இருக்க வேண்டும், காணொளிகளில் வருகிற அந்த அரை நிமிடத்துக்காக அவ்வளவு தூரம் போவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தகும். ஆனால் அந்த அரை நிமிடத்தைப் பிடிக்கும் எண்ணத்தோடு மட்டும் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரலாம். அதற்கு முந்தைய நான்கைந்து நாட்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டு போனால், உடையும் நேரத்தில் நீங்கள் தூங்கிப்போயிருந்தாலும் பயணம் வீணாகாது. நான் கனடாவின் யூகான் பிரதேசத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதற்காகவே ஏழு தடவை டாசன் நகரத்துக்குப் போயிருக்கிறேன். நான்கு தடவை கண்ணால் பார்த்தேன், மூன்று தடவை தவறவிட்டேன். அதில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஆறு நாள் காத்திருந்துவிட்டு, வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயத்தால் காலையில் கிளம்பினேன். அன்று மாலையே ஐஸ் போய்விட்டது.

அங்கே நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெயில் ஏற ஏற ஐஸ் உருகி, மெலிந்து, ஒரு நாள் தாங்காமல் உடைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரிக்கு அது சரி, ஆற்றுக்குப் பொருந்தாது. அடுப்பில் பால் காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏடு படர்ந்திருக்கிறது. பால் பொங்கும்போது அந்த ஏடு கரைந்துபோவதில்லை. அடியிலிருந்து பால் எழும்ப, ஏடு உப்பி, பாத்திரத்தின் விளிம்பைவிட்டுப் பிரிந்து, கிழிந்து, பாலோடு சேர்ந்து வழிகிறது. வடக்கத்தி ஆறுகளிலும் இதேதான். மலையிலும் காட்டிலும் கிடக்கும் பனி உருகி, ஓடை ஓடையாக இறங்கி, ஆற்றுக்குள் வந்து சேர்கிறது. ஆற்றின் மட்டம் ஏறுகிறது. ஐஸ் மிதக்கிற பொருள். அடியில் தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறியாக வேண்டும். ஆனால் அதன் இரண்டு விளிம்பும் கரையோடு கரையாக உறைந்து ஒட்டிக்கிடக்கின்றன. முதல் விரிசல் அங்கேதான் விழும்.

ஐஸ் ஏன் முழுதாக உருகி முடிவதில்லை என்றால், அதற்கு வேண்டிய வெப்பம் அப்படி. ஒரு கிலோ ஐஸை உருக்கச் செலவாகும் வெப்பத்தில், உருகி வந்த அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். ஆற்றின் மேல் ஒரு மீட்டர் கனத்துக்கு ஐஸ் இருந்தால், சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் ஆகிறது. அதன் மேல் பனி வேறு மூடியிருக்கும். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இவ்வளவையும் வெயில் மட்டுமே உருக்குவதென்றால் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.

இதற்கு யூகான் ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது. வைட்ஹார்ஸ் ஊரைத் தாண்டியதும் ஆறு லபார்ஜ் ஏரிக்குள் புகுந்து மறுமுனையில் வெளியேறுகிறது. ஆற்றில் ஐஸ் போய் இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் அந்த ஏரி வெள்ளையாக மூடிக்கிடக்கும். வெயிலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஏரியில் அடியிலிருந்து நெம்பித் தள்ள எதுவும் இல்லை. 1898 வசந்தத்தில் தங்கம் தேடி வந்தவர்களைக் காக்கவைத்ததும் இதுதான். ஆற்றின் தலைப்பக்கம் இருக்கிற பென்னட் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, மரம் அறுத்துப் படகு கட்டி வைத்துக்கொண்டு, ஏரி எப்போது திறக்கும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மே 29ஆம் தேதிதான் ஐஸ் விலகியது. 7,000க்கும் மேற்பட்ட படகுகள் டாசனை நோக்கிப் புறப்பட்டன.

ஆற்றில் வெயிலுக்கு வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஸை அது அரித்து வைக்கிறது. ஆற்று ஐஸ் பார்க்க ஒரே கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தாலும், அதற்குள் படிகங்கள் மேலிருந்து கீழாக நீளநீளமான தூண்களாக அடுக்கியிருக்கின்றன. மேலே கிடக்கும் பனி கரைந்து வெயில் உள்ளே நுழைந்ததும், அந்தத் தூண்களுக்கு இடையிலுள்ள இணைப்புதான் முதலில் உருகும். கனம் அதிகம் குறைந்திருக்காது, பலம் போயிருக்கும். இதை மெழுகுவர்த்தி ஐஸ் என்கிறார்கள். நான் இரண்டாவது தடவை போனபோது, கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பாளத்தைப் பூட்ஸ் காலால் லேசாக இடித்தேன். முழங்கால் உயரத்துக்குக் கெட்டியாகத் தெரிந்த அது அப்படியே சரிந்து, விரல் தடிமன் குச்சிகளாக, நூற்றுக்கணக்கில் என் காலடியில் கொட்டியது. கொட்டும்போது வந்த சத்தம் வளையல் கடையில் தட்டு கவிழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஒரு முழ நீளம், ஆறு பட்டை, உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. அன்று முழுக்கக் கரையோரமாக நடந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மிதக்கும் மெழுகுவர்த்தி ஐஸை அலை தள்ளும்போதும் அதே கலகலப்புதான்.

ஆக இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது: வெயில் ஐஸைப் பலவீனமாக்குகிறது, தண்ணீர் அதை நெம்புகிறது. எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்க்கப்போகும் காட்சி. ஏப்ரல் முழுக்க வெயில் அடித்து, மலைப் பனி மெதுவாக உருகினால், ஐஸ் இருந்த இடத்திலேயே இற்றுப்போய், கறுத்து, துண்டு துண்டாகச் சத்தமில்லாமல் நழுவிவிடும். கரையில் இருக்கிறவர்களுக்கு அது நிம்மதியான வருடம். நேர்மாறாக, குளிர்காலத்தில் பனி நிறைய விழுந்து, ஏப்ரலும் குளிராகவே இழுத்துக்கொண்டு போய், மே முதல் வாரத்தில் திடீரென்று வெயில் கொளுத்தினால், இன்னும் கெட்டியாக இருக்கிற ஐஸின் அடியில் பெருவெள்ளம் வந்து முட்டும். காணொளிகளில் நீங்கள் பார்த்தது இந்த வகையாகத்தான் இருக்கும். எந்த வருடம் எது வரும் என்று மார்ச்சில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

சரி, எங்கே போவது? என் பதில் டாசன். கிளான்டைக் ஆறு யூகானில் கலக்கும் இடத்தை ஒட்டியே ஊர் இருக்கிறது. சின்ன ஆறுகள் முதலில் திறக்கும் என்பதால், கிளான்டைக்கின் தண்ணீர் யூகான் ஐஸின் விளிம்பை எப்படி அரிக்கிறது என்பதை ஊரில் நின்றபடியே பார்க்கலாம். ஆற்றை ஒட்டி நீளமான மண்கரை இருக்கிறது. 1979 மே மாதம் ஐஸ் அடைத்து வெள்ளம் ஊருக்குள் புகுந்த பிறகு, 1980களில் எழுப்பிய கரை அது. பாதுகாப்பாக நிற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊருக்குப் பின்னால் மிட்நைட் டோம் என்கிற குன்று. அதன் மேலே ஏறினால் ஆறு வளைந்து வருவதும் வளைந்து போவதும் கிலோமீட்டர் கணக்கில் தெரியும். தெற்குப் பார்த்த சரிவுகளில் அந்த நேரம் ஊதா நிறக் குரோக்கஸ் பூ பூத்திருக்கும், தண்டு முழுக்க ரோமத்தோடு. ஒரு பக்கம் பூவும் இன்னொரு பக்கம் ஒரு மீட்டர் ஐஸும் ஒரே பார்வைக்குள் வருவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

டாசனில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அந்த ஊருக்கே இது சொந்த விஷயம். ஆற்றுக்கு அக்கரையிலும் குடும்பங்கள் இருக்கின்றன. பாலம் கிடையாது. கோடையில் ஜார்ஜ் பிளாக் என்கிற படகு கார்களை ஏற்றிக்கொண்டு போய் வரும். குளிர்காலத்தில் ஐஸ் மேலேயே பாதை போட்டுக் காரில் கடப்பார்கள். நடுவில், ஐஸ் நம்ப முடியாமல் போனது முதல் படகு ஓடத் தொடங்கும் வரை, அக்கரை தனித்தீவுதான். அரிசி, மாவு, மருந்து எல்லாம் முன்கூட்டியே வாங்கிப்போய்விடுவார்கள். ஐஸ் எந்த நாள், எந்த மணி, எந்த நிமிடம் போகும் என்று காசு கட்டிச் சீட்டு எழுதுவது ஊரின் பழைய வழக்கம். ஆற்றின் நடுவில் நட்ட சட்டத்திலிருந்து கரையிலுள்ள கடிகாரத்துக்குக் கம்பி இழுத்திருப்பார்கள். ஐஸ் நகர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஐஸ் போன தேதிகள் 1896லிருந்து அங்கே பதிவாகியிருக்கின்றன. அதற்கும் பல தலைமுறை முன்னாலிருந்தே அந்தக் கரையில் வாழ்கிற ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களுக்கு மீன், படகு, பயணம் எல்லாமே இந்த நாளிலிருந்துதான் ஆரம்பமாகும்.

இப்போது அந்த நான்கைந்து நாட்கள். இதைக் கவனமாகப் படியுங்கள், போகும்போது உதவும்.

முதல் அடையாளம் கரையோரத்தில் தெரியும். ஐஸுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழும். முதல் நாள் கையகலம் இருக்கும், மறுநாள் தாண்டிக் குதிக்க முடியாத அளவுக்கு அகன்றுவிடும். அது தண்ணீர். நடுவில் கிடக்கும் ஐஸ் தளர்ந்து மேலே வந்துவிட்டது, கரையோடு இருந்த பிடி போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ஐஸின் நிறம் மாறும். வெள்ளை போய்ச் சாம்பல், சாம்பல் போய் அழுக்கு நீலம். அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், மறுநாள் பார்த்தால் அந்தத் தேக்கம் காணாமல் போயிருக்கும். ஐஸில் ஓட்டை விழுந்து வடிந்துவிட்டது. அப்புறம் ஆற்றுக்குக் குறுக்கே விரிசல்கள். இவை ராத்திரியில்தான் அதிகம் கேட்கும். துப்பாக்கி வெடிப்பது போல ஒன்று, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

நான் ஒரு வருடம் கரையில் நின்று ஆற்றின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய், தண்ணீர் விளிம்பில் ஒரு வில்லோ குச்சியைச் செருகிவிட்டு வந்தார். “அங்கே என்ன பார்க்கிறாய்? இந்தக் குச்சியைப் பார்” என்றார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் குச்சியின் பாதிக்கு ஏறியிருந்தது. அவர் இன்னொரு குச்சியை அதற்கு மேலே செருகினார். சாயங்காலத்துக்குள் நான்கு குச்சிகள். ஐஸில் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, அசையாமல் கிடந்தது. “நாளைக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள்தான் போனது. அன்றிலிருந்து டாசனுக்குப் போனதும் நான் செய்கிற முதல் வேலை ஒரு குச்சி நடுவது. நீங்களும் செய்யுங்கள். காலை, மதியம், மாலை என்று குறித்துவையுங்கள். தண்ணீர் நாளுக்குச் சில விரற்கடை மட்டும் ஏறினால் இன்னும் நேரம் இருக்கிறது. மணிக்கு மணி ஏறினால் கரையை விட்டு நகராதீர்கள்.

அந்த மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். மதியம் மூன்றரை இருக்கும். காற்றே இல்லை. திடீரென்று நான் நின்றிருந்த கரை மேல்பக்கமாக நகர்வது போலிருந்தது. ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பியதாகத் தோன்றுமே, அதே மயக்கம். ஆற்றின் அகலம் முழுக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஒரே தகடாக ஐஸ் நகர்ந்துகொண்டிருந்தது. உடையவில்லை. சத்தமும் இல்லை. நான்கு மாதம் மக்கள் காரில் கடந்த ஐஸ் பாதையின் ஒரு துண்டு, ஓரத்தில் வழிகாட்ட நட்ட குச்சிகளோடு, டயர் தடங்களோடு, என் முன்னால் நழுவிப் போனது. பிறகு கீழே எங்கேயோ வளைவில் தகட்டின் முனை இடித்திருக்க வேண்டும். அப்போதுதான் உடைந்தது. விரிசல் ஓடி, பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செங்குத்தாக நிமிர்ந்து, பச்சையும் நீலமுமாக அடிப்பக்கத்தைக் காட்டிவிட்டுக் கவிழ்ந்தன. இடி மாதிரிச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது வேறு: ஜல்லி லாரி கொட்டுகிற சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை. அதற்குள்ளிருந்து வளையல் கலகலப்பு. காலுக்கடியில் மண் அதிர்ந்தது.

பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ஐஸ் அடைத்துக்கொண்டது. நகர்ந்துகொண்டிருந்த குழப்பமெல்லாம் அப்படியே உறைந்த மாதிரி நிற்க, தண்ணீர் மட்டும் ஏறத் தொடங்கியது. நான்கு குச்சியும் எங்கே போயினவோ தெரியவில்லை. கரையில் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சில பேர் கார்களை மேட்டுக்கு நகர்த்தப் போனார்கள். நாற்பது நிமிடம் இப்படி. பிறகு, எதுவும் முன்னறிவிக்காமல், அடைப்பு விட்டது. இப்போது வேகம் முற்றிலும் வேறு. ஓடினால்தான் ஒரு பாளத்தோடு கூடவே வர முடியும். வேரோடு பிடுங்கிய ஸ்ப்ரூஸ் மரங்கள், சேறு, பாளங்கள் எல்லாம் கலந்து நுங்கும் நுரையுமாகப் போயின. அடுத்த இரண்டு மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த நாற்பது நிமிடம் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வேண்டும். ஐஸ் ஓடும்போதைவிட அது நிற்கும்போதுதான் ஆபத்து. அடைப்பு என்பது சில நிமிடத்தில் தானே கட்டிக்கொள்ளும் அணை. அதன் மேல்பக்கம் வெள்ளம் மீட்டர் கணக்கில் ஏறும். அது விட்டால் கீழ்ப்பக்கத்துக்கு அலை பாயும். பத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு மீட்டர் கனப் பாளம் ஒன்று 90 டன்னுக்கு மேல் எடை. அது வீட்டின் மேல் வந்தால் வீடு நிற்காது. 2009 மே மாதத் தொடக்கத்தில் டாசனுக்குக் கீழே, எல்லை தாண்டி முதலில் வரும் அலாஸ்கா ஊரான ஈகிளில் இதுதான் நடந்தது. ஐஸ் தெருவுக்குள் ஏறி வீடுகளைத் தள்ளிக்கொண்டு போனது. பக்கத்திலிருந்த பூர்வகுடிக் கிராமம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 2013இல் இன்னும் கீழே கெலீனா ஊரை வெள்ளம் மூழ்கடித்தது. 2020 ஏப்ரலில் கனடாவின் அதபாஸ்கா ஆற்றில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐஸ் அடைத்து, ஃபோர்ட் மக்மரி நகரத்தில் 13,000 பேர் அளவில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், அதுவும் கொரோனா ஊரடங்கின் நடுவில். சைபீரியாவில் லேனா ஆறு 2001 மே மாதம் லென்ஸ்க் நகரத்தை மூழ்கடித்தபோது, அடைப்பை உடைக்க விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள்.

லேனா, கனடாவின் மக்கென்சி மாதிரி வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. தெற்கே இருக்கிற தலைப்பகுதிக்கு வசந்தம் முதலில் வந்துவிடும். அங்கே உருகிய வெள்ளம் வடக்கே வரும்போது, அங்கே இன்னும் குளிர்காலம், ஐஸ் துளியும் தளர்ந்திருக்காது. யூகான் ஆறும் டாசன் பகுதியில் வடமேற்காகத்தான் ஓடுகிறது. அதனால்தான் அலாஸ்காவில் ஒவ்வொரு வருடமும் வானிலைத் துறையினரும் பேரிடர்த் துறையினரும் சின்ன விமானத்தில் ஏறி, ஐஸ் உடையும் முனையை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து பறந்து, அடுத்த ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே கரைக்கு மேலேயே நில்லுங்கள். ஆற்றின் நடுத்திட்டிலோ தாழ்ந்த மணல்வெளியிலோ கூடாரம் போடவே கூடாது. கரையில் ஒட்டியிருக்கும் ஐஸ் மேல் ஒரு புகைப்படத்துக்காகக்கூடக் கால் வைக்காதீர்கள். பின்னால் மேட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் போன பிறகும், கரையில் சுவர் போல நிற்கும் பாளங்களுக்குக் கீழே நடக்காதீர்கள். அவை சொல்லாமல் சரியும்.

அழிவு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பீஸ் ஆறும் அதபாஸ்கா ஆறும் சேருகிற கழிமுகத்தில், ஆற்றைவிட உயரத்தில் இருக்கிற சின்னச் சின்ன ஏரிகள் நிறைய உண்டு. கோடை வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறாது. ஐஸ் அடைத்து ஆறு பின்னோக்கி ஏறும் வருடங்களில்தான் அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. அடைப்பு வராத வருடங்கள் தொடர்ந்தால் அவை வற்றி, புதர் மண்டி, அங்கே வாழும் நீரெலிகளும் போய்விடும். அந்த நிலத்தையே நம்பி வாழ்கிற மக்களுக்கு இது பெரிய இழப்பு.

டாசன் போவது கஷ்டம் என்றால் இரண்டாவது இடம் அலாஸ்காவின் நெனானா. ஃபேர்பேங்க்ஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், நல்ல சாலை. அங்கே ஓடுவது யூகானில் போய்ச் சேருகிற டனானா ஆறு. 1917இல் ரயில்பாதை போட வந்த பொறியாளர்கள், ஐஸ் எப்போது போகும் என்று 800 டாலர் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயம் இன்று வரை நடக்கிறது. மார்ச் மாதம் ஐஸ் மேல் மரச்சட்டம் ஒன்றை நிறுத்துவார்கள். முக்காலி என்று பெயர், ஆனால் கால் நான்கு. அது 100 அடி நகர்ந்தால் கரையிலுள்ள கடிகாரம் நின்றுவிடும். முதல் வருடம் ஏப்ரல் 30, காலை 11:30. அன்றிலிருந்து ஒரே இடம், ஒரே முறை. பந்தயக் காசு சம்பந்தப்பட்டிருப்பதால் நிமிடம்கூடப் பிசகாத கணக்கு. பந்தயத்துக்காக எழுதி வைத்தது இப்போது பருவநிலை ஆய்வாளர்களுக்கு அருமையான ஆவணமாகிவிட்டது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, 1917லிருந்து ஐஸ் போகும் நாள் சராசரியாக ஐந்தரை நாள் முன்னால் வந்துவிட்டது என்று கணக்கிட்டது. அதுவரை இருந்ததில் மிக முந்தைய தேதி ஏப்ரல் 20. 2019இல் ஏப்ரல் 14, நள்ளிரவு தாண்டி 12:21க்கே போய்விட்டது. ஆனால் நடுவில் 2013இல் மே 20 வரை நின்றது. 1964க்குப் பிறகு அவ்வளவு தாமதம் ஆனதில்லை. இன்னும் நீண்ட பதிவு வேண்டுமென்றால் பின்லாந்து, ஸ்வீடன் எல்லையில் ஓடும் டோர்னே ஆறு இருக்கிறது. அங்கே 1693லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தேதிகளைப் பார்த்தாலே உங்கள் விடுமுறைக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். டாசனுக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே இரண்டாவது வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். பத்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். வைட்ஹார்ஸ் வரை விமானம், அங்கிருந்து 530 கிலோமீட்டர் காரில் போகலாம். ஏப்ரல் மாதத்தில் வந்தால் வைட்ஹார்ஸுக்குத் தெற்கே மார்ஷ் ஏரியில், முதலில் திறக்கும் தண்ணீரில், வலசை வரும் அன்னங்கள் கூட்டமாக இறங்கியிருப்பதையும் பார்த்துவிடலாம். டாசனில் பாதி விடுதிகள் மே நடுப்பகுதி வரை திறக்காது, அதனால் அறையை முதலிலேயே பேசிவையுங்கள். யூகான் அரசின் ஆற்று நிலவர அறிக்கையைத் தினமும் பாருங்கள். மேலே இருக்கிற ஊர்களில் ஐஸ் நகர்ந்த செய்தி வந்தால் டாசனுக்கு ஒன்றிரண்டு நாள்தான். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், மதியம் சட்டை போதும், தெருவெல்லாம் சேறு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது பதினாறு பதினேழு மணி நேரம் இருப்பதால் ராத்திரி பத்து மணிக்கும் ஆறு தெளிவாகத் தெரியும்.

ஐஸ் போன உடனே கிளம்பிவிடாதீர்கள். இன்னும் ஒரு ராத்திரி இருங்கள். பாளங்கள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். மேலே எங்கெங்கோ கிளையாறுகளில் உடைந்தவை. கூட்டம் போய்விடும். கரையில் ஒதுங்கிய ஐஸ் சுவர்கள் இருட்டில் ஒவ்வொன்றாகச் சரியும். முதலில் ஒரு முனகல், பிறகு தண்ணீரில் விழும் சத்தம், அதற்கப்புறம் வெகுநேரம் அந்த ஐஸ் குச்சிகள் ஒன்றோடொன்று உரசுகிற கலகலப்பு. அக்கரையில் யாராவது அடுப்பு மூட்டியிருந்தால் புகை வாசனை ஆற்றைக் கடந்து வரும். ஆறு மாதமாகச் சத்தமே இல்லாமல் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.